நடுவூர் இல்லாத நகரம்: ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கிழக்குக் கரையில் 1956 ஜனவரியில் ஐந்து ஊர்கள் சேர்ந்து ஒரு நகரமாயின. நைல்ஸ், சென்டர்வில், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்பவை அவற்றின் பெயர்கள். ஐந்திலும் சேர்த்து அப்போது சுமார் 22,000 பேர் வாழ்ந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிக் கடைத்தெரு இருந்தது, தனித்தனிப் பெருமை இருந்தது. இடையில் காலிபிளவர் வயல்களும் பழத்தோட்டங்களும் கிடந்தன. 2020 கணக்கெடுப்பின்படி ஃப்ரீமாண்டின் மக்கள்தொகை 2,30,504. அமெரிக்காவில் இதைவிடப் பெரிய புறநகர்கள் இருக்கின்றன, பணக்காரப் புறநகர்களும் இருக்கின்றன. ஆனால் வரைபடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, முற்றிலும் வேறொன்றாக வளர்ந்து நிற்கும் நகரத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அச்சத்தில் போட்ட எல்லை

ஐந்து ஊர்களையும் ஒன்றாக்கியது பாசம் அல்ல, அச்சம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கலிபோர்னியா நகரங்கள் சுற்றுப்புற நிலத்தைத் தம்மோடு இணைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. எந்த நகரத்துக்கும் சேராத நிலம் என்றால் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். வடக்கே ஹேவர்ட் நகரம் தெற்கு நோக்கி நகர்ந்தது. தெற்கே சான் ஹோசே, கிடைத்த வயலையெல்லாம் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த, வாஷிங்டன் டவுன்ஷிப் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்து ஊர்களுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன: யாராவது ஒருவருக்கு உட்பட வேண்டும், அல்லது தாமே நகரமாக வேண்டும். வாலி பாண்ட் தலைமையில் அமைந்த குழு இரண்டாவது வழியைத் தேர்ந்து மக்களிடம் வாக்குக் கேட்டது.

எல்லா ஊர்களும் சம்மதிக்கவில்லை. புதிய நகரத்தில் தங்கள் பகுதி தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிடும் என்று நியூவார்க் மக்கள் அஞ்சினார்கள். அவர்கள் முந்திக்கொண்டு 1955லேயே தனி நகரமாகிவிட்டார்கள். அதன் விளைவை இன்றும் வரைபடத்தில் காணலாம்: நியூவார்க்கை ஏறத்தாழ எல்லாப் பக்கமும் ஃப்ரீமாண்ட் சூழ்ந்திருக்கிறது. வடக்கே அல்வராடோவும் டெகோட்டோவும் 1959இல் சேர்ந்து யூனியன் சிட்டி ஆயின. ஐந்தாண்டுக்குள் அந்தச் சமவெளி முழுவதும் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது.

நகரத்துக்கு ஜான் சி. ஃப்ரீமாண்ட் என்ற 19ஆம் நூற்றாண்டு நிலஆய்வாளரின் பெயரை வைத்தார்கள். மேற்கு அமெரிக்காவை வரைபடமாக்கியவர் என்று பாடப்புத்தகங்கள் அவரைப் போற்றுகின்றன. 1846இல் வடக்கே சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் பழங்குடி மக்களைக் கொன்று குவித்த படையை நடத்தியவரும் அவரே. இந்த மண்ணின் மூத்த குடிகளான ஓலோனி மக்கள் வேறொரு விதத்தில் அழிந்தார்கள். 1797இல் ஸ்பானியப் பாதிரிகள் எழுப்பிய மிஷன் சான் ஹோசே என்ற மதப்பரப்பு நிலையத்துக்குள் அவர்கள் கொண்டுவந்து அடைக்கப்பட்டு, உழைப்பாலும் நோயாலும் மாண்டார்கள். மிஷனுக்குச் சற்றுத் தொலைவில், வாஷிங்டன் பொலிவார்டு ஓரமாக, நான்காயிரம் ஓலோனி மக்கள் இங்கே துயில்கிறார்கள் என்று சொல்லும் கல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வாகனங்கள் விரைந்துகொண்டே இருக்கின்றன. நகரின் சமூகக் கல்லூரிக்கு ஓலோனி என்று பெயர் வைத்திருப்பது ஓரளவு ஆறுதல்தான், ஆனால் ஊர்ப்பெயர் இன்னும் ஃப்ரீமாண்டாகத்தான் இருக்கிறது.

திட்டம் சொன்னதும் நிலம் சொன்னதும்

புதிய நகரத்தின் பொதுத்திட்டம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. ஐந்து ஊர்களும் தத்தம் கடைத்தெருவோடு அப்படியே இருக்கட்டும், அவற்றின் நடுவில் எந்த ஊருக்கும் சேராத வெற்று நிலத்தில் புதிதாக ஒரு நகர மையம் எழட்டும் என்றது அது. எந்த ஊரும் மற்றொன்றுக்குக் கீழே போகாமல் சமரசம் செய்யும் ஏற்பாடு. அகலமான சாலைகள் போடப்பட்டன. மோவ்ரி அவென்யூ, ஸ்டீவன்சன் பொலிவார்டு, பசேயோ பாட்ரே பார்க்வே ஆகியவை இன்றும் அந்தக் கனவின் அளவைக் காட்டுகின்றன. நடுவில் பூங்காவும் ஏரியும் வந்தன. ஆஸ்திரேலியாவிலுள்ள எலிசபெத் என்ற உடன்பிறப்பு நகரத்தை ஒட்டி ஏரிக்கு எலிசபெத் என்றே பெயரிட்டார்கள். ஆனால் நடுவூர் மட்டும் வரவில்லை. சாலைகளுக்கு இடையே விரிந்த கார் நிறுத்தங்களும், அவற்றின் பின்னால் ஒடுங்கிய கடை வளாகங்களும்தான் வந்தன. நடந்து போகும் மனிதனுக்காக அந்த இடத்தை யாரும் அளக்கவில்லை.

மக்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். 1960இல் 43,790 ஆக இருந்த எண்ணிக்கை 1970இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது, 2000இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. விரிகுடாப் பகுதி நகரங்களை இணைக்கும் பார்ட் ரயில் 1972 செப்டம்பரில் முதன்முதலாக ஓடியபோது அதன் தென்முனை ஃப்ரீமாண்ட்தான். அடுத்த 45 ஆண்டுகள் அதுவே கடைசி நிலையமாக இருந்தது. 2017இல்தான் ஏரியின் அடியில் சுரங்கம் தோண்டி வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை பாதையை நீட்டினார்கள். 2020இல் ரயில் சான் ஹோசே எல்லையைத் தொட்டது.

இந்த நகரம் நினைத்தபடியெல்லாம் பரவ முடியாது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மேற்கே உப்பளங்களும் சதுப்பு நிலமும் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் அடங்கும். கிழக்கே மிஷன் பீக் என்ற மலை 2,517 அடி உயரத்தில் நிற்கிறது. மலைச்சரிவில் வீடுகள் ஏறிவிடாமல் இருக்க 1981லும் 2002லும் மக்களே வாக்களித்துக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். இந்த நகரம் தன்னைப் பற்றி எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன். அந்தத் தடை இல்லாவிட்டால், பச்சையும் பொன்னிறமுமாக மாறி மாறி நிற்கும் அந்தச் சரிவு எப்போதோ கூரைகளாகியிருக்கும். ஆனால் தடுத்த வீடுகள் வேறெங்கோ எழ வேண்டும் என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

மலையடிவாரத்தோடு ஹேவர்ட் நிலப்பிளவும் ஓடுகிறது. 1868 அக்டோபரில் அது குலுங்கியபோது மிஷனின் பழைய மண்சுவர்த் தேவாலயம் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது 1980களில் பழைய வடிவத்திலேயே கட்டிய மறுபதிப்பு. பிளவு சும்மா உறங்கவும் இல்லை, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இதன் மேல் அமைந்த தெருக்களில் நடைபாதை ஓரக்கற்கள் ஓரிடத்தில் விலகி, நேர்கோடு முறிந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். 1960களில் ஏரிக்கரை மேட்டில் பெருமையோடு கட்டிய நகர மன்றக் கட்டடத்தையும் நிலநடுக்க அச்சம் விட்டுவைக்கவில்லை. பின்னாளில் அதை இடித்துவிட்டார்கள். நகரத்துக்கென்று நடுவில் எழுந்த ஒரே அடையாளக் கட்டடமும் போனது.

தொழிற்சாலை

ஃப்ரீமாண்டைப் பள்ளிகளும் வீட்டு விலையும் உருவாக்கின என்று நினைப்பவர்கள் வார்ம் ஸ்பிரிங்ஸ் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஐம்பது லட்சம் சதுர அடிக்கு மேல் விரிந்த ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் அது மூன்று நிறுவனங்களின் கையில் இருந்து, மூன்று முறையும் அமெரிக்கத் தொழில் வரலாற்றில் இடம்பிடித்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1960களின் தொடக்கத்தில் தொடங்கியது. சம்பளம் நல்ல சம்பளம். பெரிய படிப்பு இல்லாத ஒருவர் அந்த வேலையை நம்பி வீடு வாங்கினார். சுற்றியிருந்த புதிய தெருக்களில் பல அந்தச் சம்பளத்தால் நிரம்பியவை. ஆனால் உள்ளே நிர்வாகமும் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் பகைவராகவே நடத்தினார்கள். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்கள் இருந்தன. கதவுப் பலகைக்குள் குளிர்பான பாட்டிலைப் போட்டு மூடி, வாங்குபவர் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட கதைகளைத் தொழிலாளர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை மூடியது.

இரண்டே ஆண்டில் கதவு திறந்தது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற கூட்டு நிறுவனத்தை அங்கே தொடங்கின. கட்டடம் அதே கட்டடம். தொழிற்சங்கம் அதே சங்கம். ஆள்களிலும் பெரும்பான்மையோர் முன்பு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதே ஆள்கள். மாறியது வேலை நடத்தும் முறை. குழுக்குழுவாகத் தொழிலாளர்களை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களின் தலைக்கு மேலே, உற்பத்தி வரிசை நெடுகிலும் ஒரு கயிறு தொங்கியது. ஏதாவது பழுது கண்ணில் பட்டால் யாரும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடிவருவார். அதற்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது எண்ணிப் பார்க்கவும் முடியாத குற்றம். ஒரு திருகு சரியாக ஏறவில்லை என்பதற்காக ஒரு தொழிலாளி முழு ஆலையையும் நிறுத்தலாம், நிறுத்தியதற்காக நன்றியும் பெறலாம் என்ற நிலை எத்தனை பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். சில காலத்திலேயே அங்கிருந்து வெளிவந்த கார்களின் தரம் ஜப்பான் ஆலைக்கு ஈடாக நின்றது. குற்றம் ஆள்களிடம் இல்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தொழில் உலகில் அரிது. உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் இன்றும் நும்மி பாடமாக இருக்கிறது.

2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகியது. டொயோட்டாவும் விலகியது. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கொரோலா கார் வெளியே வந்ததும் சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த மாதமே டெஸ்லா அந்த ஆலையை வாங்கப்போவதாக அறிவித்தது. விலை 4.2 கோடி டாலர். இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்க்கிறார்கள். டெஸ்லா தன் தலைமையகத்தை 2021இல் டெக்சாஸுக்கு மாற்றியபோதும் ஆலை நகரவில்லை.

அதே வட்டாரத்தில்தான் 1984இல் ஆப்பிள் தன் முதல் மெக்கிண்டாஷ் கணினிகளைச் செய்தது. அரசின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தோடு எழுந்து 2011இல் திவாலான சோலிண்ட்ரா என்ற சூரிய மின்தகடு நிறுவனமும் ஃப்ரீமாண்டைச் சேர்ந்ததுதான். சிலிக்கான் பள்ளத்தாக்கின் மேற்குக் கரை ஊர்கள் திட்டங்களைத் தீட்டும், ஃப்ரீமாண்ட் பொருளைச் செய்யும். நியூவார்க் மக்கள் எந்தத் தொழிற்சாலைக்கு அஞ்சி விலகினார்களோ, அந்தத் தொழிற்சாலையால்தான் ஃப்ரீமாண்ட், வேலைக்கு வேறூர் போவோர் உறங்க மட்டும் திரும்பும் வெறும் படுக்கையறை ஊராகாமல் தப்பியது.

வந்து சேர்ந்தவர்கள்

1956இல் திட்டம் போட்டவர்களின் மனத்தில் இருந்தது வெள்ளையர் குடும்பங்கள் வாழும் நகரம். முதல் இருபது ஆண்டுகள் ஏறத்தாழ அப்படியே நடந்தது. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. பொறியாளர்கள் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தார்கள். சோவியத் படையெடுப்புக்குப் பிறகு ஆப்கானியர்கள் வந்தார்கள். பல ஆண்டுகளாக அமெரிக்காவின் மிகப் பெரிய ஆப்கானியச் சமூகம் ஃப்ரீமாண்டை மையமாகக் கொண்டது. சென்டர்வில் பகுதியில் ஃப்ரீமாண்ட் பொலிவார்டை ஒட்டிய கடைகளுக்குச் சின்ன காபூல் என்றே பெயர் வந்துவிட்டது. தந்தூரிலிருந்து சுடச்சுட எடுத்த முழநீள ரொட்டியைத் தாளில் சுற்றித் தரும் கடைகள் அங்கே உண்டு. 2000இல் நகர மக்களில் ஆசியர்கள் 37 விழுக்காடு. 2010இல் பாதியைத் தாண்டினார்கள், 2020இல் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டினார்கள். தமிழ்க் குடும்பங்களும் இந்த அலையில் வந்தவைதான், அநேகமாகக் கணினித் துறை வேலையோடு.

இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதற்குப் பீஸ் டெரஸ் என்ற சிறு தெருவைக் காட்டுவேன். செயின்ட் பால் மெதடிஸ்ட் சபையும் ஈஸ்ட் பே இஸ்லாமிய சங்கமும் 1990களின் தொடக்கத்தில் அடுத்தடுத்த மனையில் தேவாலயமும் பள்ளிவாசலும் கட்டின. கார் நிறுத்தம் இரண்டுக்கும் பொது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் ஒரே இடம் பயன்படுகிறது. தெருவுக்கு அமைதி என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. ஊரின் வேறொரு மூலையில் சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போகும் பாதைக்குக் குருத்வாரா ரோடு என்ற பெயர் வந்தது. பொதுத்திட்டம் எழுதியவர்கள் இவற்றில் எதையும் வரைந்திருக்கவில்லை. நகரின் உயிர்ப்பு நடு நிலத்தில் எழாமல், இப்படி ஓரங்களில் எழுந்தது.

உரசல் இல்லாமல் போகவில்லை. மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளி தேர்ச்சி மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றது. அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு வாங்குவதற்காகவே குடும்பங்கள் வாழ்நாள் கடனை ஏற்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாவட்டக் கல்வி வாரியம் எல்லைகளைத் திருத்தி, வைபல் தொடக்கப் பள்ளிப் பகுதிப் பிள்ளைகளை இர்விங்டன் பள்ளிக்கு மாற்றியது. பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். பெரும்பாலும் ஆசியக் குடும்பங்கள். மிஷன் பகுதியைத் தனிக் கல்வி மாவட்டமாகப் பிரித்துவிடும் முயற்சியில்கூட இறங்கினார்கள். அது நிறைவேறவில்லை. அந்தப் பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கல்வி வாரியம் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன். பொதுப்பள்ளி ஒன்றின் எல்லைக்கோடு வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வாங்கிய சொத்தாகிவிட்டால், இர்விங்டன் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? ஒரு செய்தியை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒன்றுசேர்ந்து நாற்பத்தைந்து ஆண்டு ஆன பின்னும் சண்டை, மிஷனுக்கும் இர்விங்டனுக்கும் இடையே, பழைய ஊர்ப்பெயர்களில்தான் நடந்தது.

நைல்ஸ்காரர்களும் அப்படித்தான். 1912 முதல் 1916 வரை எசனே ஸ்டூடியோ அங்கே மௌனப்படங்கள் எடுத்தது, 1915இல் சார்லி சாப்ளின் வந்து ஐந்து படங்களை முடித்துப் போனார் என்பதை இன்றும் ஊர்ப்பெருமையாகச் சொல்கிறார்கள். மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பது நைல்ஸ் என்றுதான்.

அரசியலில் பிரதிநிதித்துவம் தாமதமாக வந்தது. 2016இல் லில்லி மேய் நகரின் முதல் பெண் மேயராகவும் முதல் ஆசிய அமெரிக்க மேயராகவும் தேர்வானார். அடுத்த ஆண்டு நகரம் முழுமைக்கும் ஒரே வாக்கு என்ற முறை போய், வட்டார வாரியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2024இல் ராஜ் சல்வான் மேயரானார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

மறுபடியும் நடு நிலம்

இப்போது நகரம் தன் நடுவூரைக் கட்ட முயல்கிறது. 2012இல் நகர மையத்துக்கெனத் தனித்திட்டம் நிறைவேறியது. கேப்பிடல் அவென்யூவை ஃப்ரீமாண்ட் பொலிவார்டு வரை நீட்டினார்கள். கீழே கடையும் மேலே வீடுமாக நான்கைந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தன. நிகழ்ச்சி அரங்கம் ஒன்றும் வந்திருக்கிறது. வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையத்தைச் சுற்றி சுமார் 4,000 வீடுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். மலையைப் பூட்டியாயிற்று, சதுப்பைப் பூட்டியாயிற்று, தொழிற்சாலை நிலத்தை விடவும் மனமில்லை. மிஞ்சியது 1956இல் காலியாக விட்டு, பின்பு கார் நிறுத்தங்களால் நிரப்பிய அந்த நடுப்பகுதிதான்.

யாருக்காகக் கட்டுவது என்பதில்தான் சிக்கல். 2019இல் வீடற்றவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடத்தை நகர அலுவலகத்தின் பின்புறமுள்ள நிலத்தில் அமைக்க மன்றம் முடிவெடுத்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் எதிர்த்தார்கள். அதையும் மீறி 2020இல் தங்குமிடம் திறந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் அதே மன்றம் பொது இடங்களில் கூடாரம் போட்டுத் தங்குவதைத் தடை செய்தது. அப்படித் தங்குபவர்களுக்கு உதவுபவர்களும் குற்றவாளிகள் என்று பொருள்படும் வரி ஒன்று அதில் இருந்தது. உணவு கொடுப்பவர்களையும் மருந்து கொடுப்பவர்களையும் தண்டிப்பீர்களா என்று நாடெங்கும் கேள்வி எழ, அந்த வரியை மறுமாதமே நீக்கினார்கள். தடை நீங்கவில்லை. அகதிகளுக்கு வாசல் திறந்துவிட்ட ஒரு நகரம் அந்த வரியை எழுதத் துணிந்ததே பெரும் சறுக்கல் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் மகிழ்ச்சியான நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்றில் ஃப்ரீமாண்ட் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. வருமானம், உடல்நலம், மணமுறிவு விகிதம் போன்றவற்றைக் கூட்டி அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அங்கே வாழும் வசதி கிடைத்தவர்களைப் பற்றி அது உண்மையைச் சொல்கிறது. நும்மி காலத்தைப்போல ஒரு தொழிலாளி தன் சம்பளத்தில் ஃப்ரீமாண்டில் வீடு வாங்க முடியுமா என்று அது கேட்பதில்லை. ஆலையில் வேலை பார்ப்போரில் பலர் மலைக்கு அப்பால், மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வருகிறார்கள். 2031க்குள் சுமார் 12,900 வீடுகளுக்கு வழி செய்ய வேண்டும் என்பது இப்போது நகரத்தின் மீதுள்ள கடமை. அதில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கானவை. சந்தை விலை வீடுகளைக் கட்ட நிறுவனங்கள் தாமாகவே வரும். மற்றவற்றுக்கு நகரத்தின் சொந்த நிலமும் பணமும் வேண்டும். அந்த நிலத்தில் ஒரு பகுதி நகர அலுவலகத்தைச் சுற்றியே இருக்கிறது. வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.